வானிலையும் காலநிலையும்: அறிமுகப் பாடத்தை எங்கிருந்து பிடிப்பது?

கார்த்திகைத் தும்பி எழுதியது:

என் முதன்மைப் பாடம் வரலாறு. அறிவியல் பிரிவிலிருந்து ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதால் வானிலையும் காலநிலையும் அறிமுகப் பாடத்தில் சேர்ந்தேன். பள்ளி இயற்பியல் நினைவில் இருக்கிறது, நுண்கணிதம் அரைகுறை. முதல் மூன்று அத்தியாயங்கள் முழுக்கப் பெயர்கள்: வளிமண்டல அடுக்குகள், பத்து மேக வகைகள், காற்று மண்டலங்கள். மனப்பாடம் செய்துவிட்டேன். நான்காம் அத்தியாயத்தில் வந்து நிற்கிறேன். "மேலே ஏறும் காற்று, சுற்றுப்புறத்துடன் வெப்பப் பரிமாற்றம் இல்லாமலேயே குளிர்கிறது" என்கிறது புத்தகம். வெப்பம் வெளியே போகவில்லை என்றால் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தைத் தாண்டாமல் மேலே படித்தால் எல்லாம் வெறும் சொல்லாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. எதை முதலில் படிக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்?

பழைய வரைபடம் எழுதியது:

சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி விளங்கினால் பாடத்தில் பாதி விளங்கிவிடும். மேக வகைகளை மனப்பாடம் செய்தது வீண் இல்லை, ஆனால் அவசரமும் இல்லை.

ஒரு காற்றுப் பொதியைக் கற்பனை செய்யுங்கள். மேலே போகப் போக அதைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் அதில் பாதி. அழுத்தம் குறைந்தால் பொதி விரியும். விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவது வேலை. அந்த வேலைக்கான ஆற்றலை வெளியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை; பொதி தன் உள் ஆற்றலிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. உள் ஆற்றல் குறைந்தால் வெப்பநிலை குறையும். அவ்வளவுதான். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவது இதே கணக்கின் மறுபக்கம்.

எவ்வளவு குளிரும் என்பதும் மர்மம் இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 9.81. ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1,004 ஜூல் தேவை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 0.0098 டிகிரி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. உலகின் எந்த மூலையிலும், எந்தப் பருவத்திலும், நீராவி குளிர்ந்து துளியாகாத வரை இந்த எண் மாறாது. வளிமண்டலவியலில் இப்படிக் கறாரான எண்கள் குறைவு. கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பருவம் எழுதியது:

சென்ற பருவத்தில் இதே பாடத்தை முடித்தவன். தேர்வில் மேகப் பெயர்களுக்கு இரண்டு மதிப்பெண்தான் வந்தது. காற்றுப் பொதிக் கணக்கு இல்லாத வினாத்தாளே இருக்காது.

கோட்பாட்டான் எழுதியது:

மன்னிக்கவும், நான் சற்று மாறுபடுகிறேன். பொதியை வைத்துக் கதை சொல்வது தொடக்கத்தில் இனிக்கும். ஆனால் வளிமண்டலம் என்பது சுழலும் கோளத்தின் மீது ஓடும் ஒரு பாய்மம். அதன் இயக்கத்தை ஆள்பவை சில சமன்பாடுகள்: உந்தம், நிறை, ஆற்றல், நீராவி ஆகியவற்றின் கணக்குகளும் வளிமச் சமன்பாடும். வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1904-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்றைய நிலை தெரிந்தால், இயற்பியல் விதிகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம். நுண்கணிதத்தைப் பலப்படுத்திக்கொண்டு சமன்பாடுகளிலிருந்து தொடங்குபவருக்கு மேகமும் புயலும் தனித்தனிப் பாடங்களாகத் தெரியாது. எல்லாம் ஒரே பாடம்.

பழைய வரைபடம் எழுதியது:

கோட்பாட்டான், நீங்கள் சொல்லும் வழியில் முதலில் நடந்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 அன்றைய அளவீடுகளை எடுத்து, ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. அன்று அங்கே அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. கடும் புயலின் மையத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில்கூட 145 வேறுபாடு காண்பது அரிது.

சமன்பாடுகள் தவறில்லை. தொடக்க அளவீடுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன. அந்தச் சிறு பொருத்தமின்மை பொய்யான பெரும் அலையாகக் கணக்கில் ஏறிவிட்டது. பிற்காலத்தில் அதே அளவீடுகளைச் சீராக்கிவிட்டுக் கணக்கிட்டபோது நம்பத்தகுந்த விடை கிடைத்தது. ரிச்சர்ட்சனைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. 1922-இல் அந்தத் தோல்வியை மறைக்காமல் முழுமையாக அச்சிட்ட நேர்மைக்கு இன்றும் வணக்கம் வைக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. 145 என்ற விடையைப் பார்த்ததும் "இது நடக்காது" என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் கூர்மை சமன்பாட்டிலிருந்து வராது. வரைபடத்தில் சமஅழுத்தக் கோடுகளைப் பென்சிலால் இழுத்து, அழித்து, மறுபடி இழுத்துத்தான் வரும். வரலாற்று மாணவி ஒருவரை முதல் வாரமே பகுதி வகையீட்டுச் சமன்பாட்டில் தள்ளினால் அவர் பாடத்தை விட்டே போய்விடுவார்.

கோட்பாட்டான் எழுதியது:

1950-இல் சார்னியும் வான் நியூமனும் மற்றவர்களும் எனியாக் கணினியில் அதைச் சாதித்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் முன்கணிப்புக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது என்பது உண்மைதான். ஆனாலும் அடுத்த எழுபது ஆண்டுகளில் முன்கணிப்பு அடைந்த முன்னேற்றம் முழுவதும் அந்த வழியில் வந்தது, பென்சிலால் வந்ததில்லை. சரி, முதல் பருவத்துக்குப் பொதி போதும் என்று விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாம் பருவத்துக்கு விட்டுத் தர மாட்டேன்.

வளிமகள் எழுதியது:

இந்தப் பாடத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பொதிக்கு அடுத்தபடியாக மாணவர்கள் சறுக்கும் இடம் ஈரப்பதம். "காலையில் ஈரப்பதம் 100 சதவீதம், பிற்பகலில் 49 சதவீதம். எனவே காற்று பாதி உலர்ந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை.

எண்களோடு பாருங்கள். விடியற்காலையில் காற்று 20 டிகிரி செல்சியஸ், பனி படர்ந்திருக்கிறது, ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதம். 20 டிகிரியில் நீராவியின் தெவிட்டு அழுத்தம், அதாவது துளியாகத் தொடங்கும் முன் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், 23.4 ஹெக்டோபாஸ்கல்; இருக்கும் நீராவியின் அழுத்தம் இதில் எத்தனை சதவீதம் என்பதுதான் ஒப்பு ஈரப்பதம். பிற்பகலில் 32 டிகிரி ஆகிறது; அந்த வெப்பநிலையில் தெவிட்டு அழுத்தம் சுமார் 47.6. காற்றிலுள்ள நீராவி கொஞ்சமும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 23.4-ஐ 47.6-ஆல் வகுத்தால் 49 சதவீதம். ஒரு துளி நீராவிகூடக் குறையாமல் ஒப்பு ஈரப்பதம் பாதியாகிவிட்டது. மாறியது பகுதி எண் மட்டுமே.

எனவே காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிரவைத்தால் தெவிட்டும் என்று அது சொல்லும். மேலே சொன்ன நாளில் காலையிலும் பிற்பகலிலும் பனிப்புள்ளி 20 டிகிரிதான். வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது தெவிட்டு அழுத்தம் ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதம் கூடுகிறது என்பதையும் ஓரமாகக் குறித்து வையுங்கள். காலநிலை மாற்றப் பகுதியில் இந்த எண் திரும்ப வந்து கதவைத் தட்டும்.

இன்னொன்று: நீராவி துளியாகும்போது ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் பொதி 9.8 என்ற வீதத்தில் குளிர்வதில்லை. வெதுவெதுப்பான ஈரக் காற்றில் கிலோமீட்டருக்கு நான்கு, ஐந்து டிகிரிதான். மிகக் குளிர்ந்த காற்றில் நீராவி அற்பம் என்பதால் வீதம் மறுபடி 9.8-ஐ நெருங்கும். இடிமழைக்கும் புயலுக்கும் எரிபொருள் இந்த உள்ளுறை வெப்பம்.

கார்த்திகைத் தும்பி எழுதியது:

வேலை செய்வதால் குளிர்கிறது என்ற விளக்கம் பிடிபட்டுவிட்டது, மிக்க நன்றி ஐயா. பனிப்புள்ளியும் விளங்குகிறது. ஆனால் ஈரக் காற்று உலர் காற்றைவிட எடை கூடியதாகத்தானே இருக்கும்? நீரைச் சுமந்துகொண்டு அது எப்படி எளிதாக மேலே ஏறும்?

வளிமகள் எழுதியது:

எடை குறைந்தது! ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் ஒரு கன மீட்டரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஒரு நீராவி மூலக்கூறு உள்ளே வந்தால் நைட்ரஜனோ ஆக்சிஜனோ ஒன்று வெளியேற வேண்டும். நீரின் மூலக்கூறு நிறை 18, நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32. கனமானது போய் லேசானது வந்திருக்கிறது. துளிகளாகிவிட்ட நீர் வேறு கதை; அது பொதிக்குச் சுமைதான்.

ஐயம்தீராதவன் எழுதியது:

இழையின் தலைப்பில் காலநிலையும் இருப்பதால் கேட்கிறேன். பத்து நாள் கழித்து மழை வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், நூறு ஆண்டு கழித்து வெப்பநிலை எவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? தவிரவும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் 0.04 சதவீதம். பாடப்புத்தகமே அப்படிச் சொல்கிறது. இவ்வளவு அற்பமான ஒன்று உலகையே சூடாக்கும் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. சண்டைக்கு வரவில்லை, விளக்கம்தான் வேண்டும்.

கோட்பாட்டான் எழுதியது:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் தம் கணினி மாதிரியை இடையிலிருந்து மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சற்று நேரம் பழைய விடையோடு ஒட்டிப் போன கணக்கு, பிறகு முற்றிலும் வேறு வானிலைக்குப் போய்விட்டது. 1963-இல் வெளியான அவருடைய கட்டுரையின் விதை அதுதான். நாளுக்கு நாள் வானிலையைச் சொல்ல இரண்டு வாரத்தை ஒட்டி ஓர் எல்லை இருப்பதற்கும் இதுவே காரணம்: தொடக்க நிலையின் பிழை வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

காலநிலைக் கேள்வி தொடக்க நிலையைப் பற்றியது இல்லை. ஆறு மாதம் கழித்து வரும் ஒரு குறிப்பிட்ட நாளில் மழை வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நடு அட்சங்களில் கோடையின் சராசரி குளிர்காலத்தின் சராசரியைவிட அதிகமாக இருக்கும் என்று இப்போதே எழுதிக் கொடுக்கலாம். ஏனென்றால் அதை முடிவு செய்வது வந்துசேரும் ஆற்றல். உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைக் காலநிலை இயல்பளவாகக் கொள்வதும் நாளாந்த ஏற்ற இறக்கம் அதில் அடங்கிப் போகும் என்பதால்தான்.

வளிமகள் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தும்பியும் கூடவே போடுங்கள், இது தேர்வில் வரும்.

வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனை நேராக நோக்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் வருகிறது. புவி அதை ஒரு வட்டத் தட்டின் பரப்பில் பிடிக்கிறது. ஆனால் கோளத்தின் முழுப் பரப்பில் பங்கிடுகிறது. கோளப் பரப்பு தட்டைப் போல நான்கு மடங்கு. ஆகவே சராசரி 340 வாட். இதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 238. இதே அளவை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே அனுப்ப ஒரு பொருள் எவ்வளவு வெப்பமாக இருக்க வேண்டும்? வெப்பநிலையையும் உமிழும் ஆற்றலையும் இணைக்கும் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியில் இட்டால் 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். புவி மேற்பரப்பின் உண்மையான சராசரி சுமார் 15 டிகிரி. இடையில் 33 டிகிரி இருக்கிறது. சூரியன் இதைவிடக் கூடுதலாக எதையும் தருவதில்லை.

அந்த 33 டிகிரியைப் பசுமை இல்ல விளைவு என்கிறோம். உலர் காற்றில் 99.9 சதவீதம் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான். இவை வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. தொடுபவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஓசோன் போன்றவை. ஆகவே 0.04 சதவீதத்தை முழுக் காற்றோடு ஒப்பிடுவது பொருந்தாத ஒப்பீடு. இதில் புதுமையும் இல்லை: யூனிஸ் ஃபூட் 1856-இலும் ஜான் டிண்டால் 1859-இலும் இந்த வாயுக்களைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896-இல் கையாலேயே கணக்குப் போட்டார்.

ஐயம்தீராதவன் எழுதியது:

கணக்கு விளங்குகிறது. ஆனால் அந்த அலைநீளங்களில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே எல்லாக் கதிரையும் உறிஞ்சிவிடுகிறது என்று படித்தேன். கதவு முழுதாக மூடிய பிறகு இன்னும் கொஞ்சம் மூடுவதால் என்ன?

வளிமகள் எழுதியது:

நல்ல கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளே இதில் தடுமாறினார்கள். விடை முழுவதும் தும்பி நான்காம் அத்தியாயத்தில் பார்த்த வீதத்தில் இருக்கிறது.

வெளியே தப்பிப் போகும் கதிர் தரையிலிருந்து நேராகப் போவதில்லை. வாயு மெலிந்து, இனி மேலே உறிஞ்ச ஆளில்லை என்னும் உயரத்திலிருந்து போகிறது. வளிமண்டலத்தில் வெப்பநிலை சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. 33-ஐ 6.5-ஆல் வகுத்தால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். அதுதான் சராசரி உமிழ்வு உயரம். வாயுவைக் கூட்டினால் அந்த உயரம் மேலே நகர்கிறது. கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் ஏறத்தாழ 150 மீட்டர். மேலே காற்று குளிர்ந்தது. குளிர்ந்த காற்று குறைவாகவே உமிழும். வரவு அதே 238, செலவு குறைந்துவிட்டது. புதிய உயரம் மறுபடி 255 கெல்வினை எட்டும்வரை முழு அடுக்கும் சூடாகிறது, தரையும் சேர்த்து. தரையருகே எவ்வளவு இறுக மூடியிருந்தாலும் இந்த வாதம் மாறாது.

மற்ற எதுவும் மாறாவிட்டால் இரட்டிப்புக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல். ஆனால் சூடான காற்றில் நீராவி கூடும், நான் முன்பு ஓரமாகக் குறிக்கச் சொன்ன அந்த 7 சதவீதம். நீராவியும் பசுமை இல்ல வாயு. பின்னூட்டங்களைச் சேர்த்தால் சுமார் 3 டிகிரி, 2021-இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை 2.5 முதல் 4 வரை என்று வீச்சைக் கொடுத்தது. அந்த வீச்சு இன்னும் அகலமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் மேகங்கள். அதில் உங்கள் ஐயம் நியாயமானது, அங்கே போய்க் கேளுங்கள்.

இரண்டாம் பருவம் எழுதியது:

காற்று ஏன் உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வுக்கு நேராகப் பாயாமல் சமஅழுத்தக் கோட்டை ஒட்டி ஓடுகிறது என்பதை யாராவது சொல்லிவிடுங்கள். புவி சுழல்வதால் ஓடும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பும் கொரியாலிஸ் விசை எனக்கு இன்னும் நெருடுகிறது. தொட்டித் தண்ணீர் சுழல்வதும் அதனால்தான் என்று வகுப்பில் ஒருவர் சாதிக்கிறார்.

கோட்பாட்டான் எழுதியது:

எண்ணைப் போட்டால் வாதம் முடிந்துவிடும். 45 டிகிரி அட்சத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றின் மீது கொரியாலிஸ் முடுக்கம் சுமார் 0.001, புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அற்பம். ஆனால் ஒரு மணி நேரம் விடாமல் செயல்பட்டால் 36 கிலோமீட்டர் போகும் காற்றை ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒதுக்கித் தள்ளும். தொட்டியில் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பத்து வினாடி ஓடும் நீரையோ அரை மில்லிமீட்டர்தான் தள்ளும். நீரை ஊற்றியபோது ஏற்பட்ட சுழற்சி அதைவிடப் பன்மடங்கு.

காற்று தாழ்வை நோக்கிக் கிளம்பும். வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். அழுத்த விசையும் கொரியாலிஸும் எதிரெதிராகச் சமன்படும்போது கோட்டை ஒட்டி ஓடும். தரையருகே உராய்வு வேகத்தைக் குறைப்பதால் சற்றே தாழ்வின் பக்கம் சாயும். நிலநடுக்கோட்டில் இந்த விசை பூச்சியம். அதனால்தான் அதையொட்டிய சுமார் ஐந்து டிகிரிக்குள் புயல்கள் உருவாவது மிக அரிது.

பழைய வரைபடம் எழுதியது:

தும்பி, பேச்சு போதும். ஒரு கணக்கு தருகிறேன். தரையில் காற்று 30 டிகிரி, பனிப்புள்ளி 22. சுற்றுப்புறக் காற்று கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. மேகத்துக்குள் பொதி 4.5 வீதத்தில் குளிரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் பொதியின் பனிப்புள்ளியும் கிலோமீட்டருக்கு 1.8 குறையும், அதை மறக்க வேண்டாம். மேகத்தின் அடி எங்கே? எந்த உயரத்துக்கு மேல் பொதி யாரும் தள்ளாமல் தானே ஏறும்? அதன்பின் பனிப்புள்ளியை 14 ஆக்கி மறுபடி செய்யுங்கள். அப்போது மேகத்துக்குள் வீதத்தை 5.5 என்று கொள்ளலாம்.

கார்த்திகைத் தும்பி எழுதியது:

செய்துவிட்டேன். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி 8 டிகிரி. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 9.8 கழித்தல் 1.8, அதாவது 8 டிகிரி சுருங்குகிறது. எனவே மேகத்தின் அடி 1,000 மீட்டர். அங்கே பொதி 20.2 டிகிரி. அதே உயரத்தில் சுற்றுப்புறம் 23.5. பொதி 3.3 டிகிரி குளிர்ந்து கனமாக இருக்கிறது, விட்டால் கீழே இறங்கிவிடும். மேகத்துக்குள் போன பிறகு கிலோமீட்டருக்கு 2 டிகிரி ஈடு கட்டுகிறது. 3.3-ஐ 2-ஆல் வகுத்தால் 1.65. ஆக 2,650 மீட்டர். அதற்கு மேல் பொதி சுற்றுப்புறத்தைவிட வெப்பம், தானே ஏறும். அதுவரை மலையோ எதிர்வரும் குளிர்காற்றோ தள்ளிவிட வேண்டும்.

பனிப்புள்ளி 14 என்றால் மேகத்தின் அடி 2,000 மீட்டர், பொதி 10.4, சுற்றுப்புறம் 17. பின்தங்கல் 6.6 டிகிரி, ஈடு கட்டுவது கிலோமீட்டருக்கு ஒன்றே ஒன்று. 8,600 மீட்டர் என்று விடை வருகிறது. ஆனால் வளிமகள் சொன்னபடி பார்த்தால் குளிரக் குளிர நீராவி அற்றுப்போய் 5.5 என்பது 9.8-ஐ நோக்கிப் போய்விடும் அல்லவா? அப்படியானால் 8,600-ஐ எட்டுவதற்கு முன்பே ஈடு கட்டுவதே நின்றுவிடும். அந்த நாளில் பொதி தானே ஏறாது என்று எழுதினால் சரியா?

பழைய வரைபடம் எழுதியது:

சரி. அந்த நாளுக்கு இடிமழை எச்சரிக்கை கொடுக்க மாட்டேன். அடுத்து, 30 டிகிரி என்ற தரை வெப்பநிலையை 35 ஆக்கி, பனிப்புள்ளியை 22-லேயே வைத்துச் செய்யுங்கள். மேலேயுள்ள காற்று மாறவில்லை, தரை மட்டும்தான் சூடாகியிருக்கிறது. முதல் கணக்கில் 1,000 மீட்டரில் இருந்த அந்த 3.3 டிகிரித் தடை என்னவாகிறது என்று பாருங்கள்.